உள்ளாள்

மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் பையன் வாட்டசாட்டமாக இருக்கிறானா என்று பார்ப்பார்கள். என் தாய்மாமன், ஆள் குட்டையாக, ஒல்லியாக, தோள் குறுகலாக இருக்கிறானா என்று பார்த்தார். தங்கைக்கு மாப்பிள்ளை தேடும் முன்பே அவருக்கு வேலைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. இரண்டு தேடலையும் ஒரே ஆளில் முடித்துக்கொண்டார்.

மாமா விமானத் தொழிற்சாலையில் இறக்கைப் பிரிவில் ரிவிட் அடிப்பவர். இறக்கையின் தகட்டையும் உள்ளே இருக்கும் சட்டங்களையும் சேர்த்துப் பிடித்துவைப்பது ரிவிட்தான். ஒரு ரிவிட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று காற்றுத் துப்பாக்கியால் அதன் தலையில் அடிப்பார். இன்னொருவர் உள்ளே படுத்துக்கொண்டு, டாலி என்று அவர்கள் சொல்லும் கனமான இரும்புக் கட்டையை ரிவிட்டின் வாலில் அழுத்திப் பிடிப்பார். அடிக்கிற அடியில் வால் நசுங்கி, சட்டைப் பொத்தான் மாதிரி பரந்து தகட்டைக் கவ்விக்கொள்ளும். வெளியே நிற்பவர் வெளியாள். உள்ளே போகிறவர் உள்ளாள்.

உள்ளே போகிற வழி, இறக்கையின் அடிப்பக்கம் இருக்கும் ஒரு முட்டை வடிவ ஓட்டை. சாதாரண ஆளுக்குத் தலை போகும், தோள் போகாது. போனாலும் நுனியை நோக்கிப் போகப் போக மேல்தகடும் கீழ்தகடும் நெருங்கிக்கொண்டே வரும். கடைசியில் திரும்பிப் படுக்கக்கூட இடமிருக்காது.

மாமாவின் பழைய உள்ளாள் முதுகு போய் வேலையை விட்டுவிட்டார். அந்தச் சமயத்தில் ஒரு காலை, மாமா டிப்போ வாசலில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். டயரில் காற்று இறங்கி, தரையைத் தொடாத குறையாக ஒரு பழைய பஸ் நின்றிருக்கிறது. அதற்கு அடியில் உருண்டுபோன ஸ்பேனரை எடுக்க ஓர் ஆள் இந்தப் பக்கம் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கிறான்.

“பூனைகூட யோசிச்சுதான் போகும் அந்தச் சந்துல. இவன் போயிட்டு வந்து நிதானமா தலை சீவிட்டு நிக்கறான்” என்று மாமா அதை நூறு தடவை சொல்லியிருக்கிறார். அந்த இடத்திலேயே அப்பாவின் தோளைக் கையால் சாண் போட்டு அளந்துவிட்டு, “தம்பி, பெரிய கம்பெனில வேலை வாங்கித் தரேன், வரியா?” என்று கேட்டாராம். அப்பா டிப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருந்தவர். வரமாட்டேன் என்று சொல்வாரா?

வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் அம்மாவையும் அவருக்கே கட்டிவைத்தார் மாமா. குவார்ட்டர்ஸில் தன் வீட்டுக்கு எதிர்வீட்டையே அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தார். மாமாவுக்குக் குழந்தை இல்லை, அத்தையும் சீக்கிரமே போய்விட்டாள். அவர் கதவைத் திறந்தால் எங்கள் கதவு. நாங்கள் என்ன பேசினாலும் அவருக்குக் கேட்கும், அவர் இருமினால் எங்களுக்குக் கேட்கும்.

மாமா கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறடி உயரம், பெரிய சிரிப்பு. எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மாவைத் தூங்கச் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்திருப்பார். அப்பாவை அவர் “மாப்ள, மாப்ள” என்று கூப்பிடும்போது குரலில் அவ்வளவு உரிமை இருக்கும். தொழிற்சாலையில் மற்றவர்கள் அப்பாவைச் சுண்டெலி என்றுதான் கூப்பிட்டார்கள். ஃபோர்மேன்கூட, “சுண்டெலி உள்ள போயாச்சா?” என்றுதான் கேட்பாராம்.

அப்பா காலையில் தண்ணீர் குடிக்க மாட்டார். உள்ளே போய்விட்டால் சங்கு ஊதும்வரை வெளியே வருவது கஷ்டம். பல்லை விளக்கிவிட்டு, ஒரு ரொட்டித் துண்டை வறட்டு வறட்டென்று மென்றுவிட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கிளம்புவார். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றினால் முதுகிலும் விலாவிலும் சட்டத்தின் விளிம்பு வரிவரியாகப் பதிந்திருக்கும். அம்மா எண்ணெய் தடவுவாள். பஞ்சு அடைத்தும் காது நாளாக நாளாக மந்தமாகிவிட்டது. மேளத்துக்குள் ஆளை உட்காரவைத்து வெளியே அடித்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் அது.

உள்ளே இருப்பவர் பேசினால் வெளியே கேட்காது. அதனால் டாலியால் தட்டிச் சொல்வார்கள். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு என்றால் சரி, போதும். மூன்று என்றால் கெட்டுப்போச்சு, பிடுங்கு. வீட்டிலும் அப்பாவுக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது. “இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?” என்று அம்மா கத்துவாள். அப்பா தட்டில் விரலால் இரண்டு தடவை தட்டுவார். “நான் பொண்டாட்டியா, ரிவிட்டா?” என்பாள் அம்மா.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு அம்மா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஏன் என்று சொல்லவில்லை. கையை மட்டும் வலிக்கிற மாதிரி பிடித்திருந்தாள். தொழிற்சாலை கேட்டில் காவலாளி எங்களை ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டான்.

அப்பா இறக்கைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வெயில் தகடு காய்கிற வெயில். நுனிப்பக்கம் வேலை முடித்துத் திரும்பும்போது தோள் வீங்கி, ஓட்டையில் ஒரு கை மட்டும் வெளியே வந்து மற்றது வரவில்லை. பெரிய தாங்கியின் மேல் அந்த இறக்கை படுத்திருந்தது. அதன் அடியில் அப்பாவின் வலது கை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா அண்ணாந்து நின்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள், மெஷின் எண்ணெயும் ஊற்றியிருந்தார்கள். தரையெல்லாம் வழுக்கியது. யாரோ, “தகட்டை வெட்டிடலாமே” என்றார்கள்.

ஃபோர்மேன் தலையைச் சொறிந்தார். “வெட்டினா இந்த இறக்கையே போச்சு. ஆபீஸ்ல கேட்டிருக்கேன். இன்ஜினியர் வரட்டும்.”

“அவர் எப்ப வருவாரு?”

“வருவாரு.”

அம்மா ஃபோர்மேன் பக்கத்தில் போய், “ஓட்டைய கொஞ்சம் பெருசாக்க முடியாதாங்க?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“ஓட்டை பெருசாகாதும்மா. அவர்தான் சின்னதாகணும்” என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

எனக்கு அந்தக் கையைத் தொட வேண்டும்போல இருந்தது. ஆனால் தொட்டால் அது நான் என்று அப்பாவுக்குத் தெரியுமோ தெரியாதோ என்று நின்றுவிட்டேன். மாமா மட்டும் ஓட்டைக்குள் வாயை வைத்துப் பேசிக்கொண்டே இருந்தார். சினிமா, வானிலை, பழைய பஸ் டிப்போ என்று என்னென்னவோ. வெளிச்சம் சாயும் நேரத்தில், “மாப்ள, இன்ஜினியரையெல்லாம் நம்பாத. இருக்கற மூச்சை முழுசா வெளிய விடு. விட்டுட்டு இழுக்காத. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்” என்றார். பிறகு அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்பா மாமாவின் மேல் வந்து விழுந்தார். இரண்டு பேரும் எண்ணெயில் புரண்டு கிடந்தார்கள். அப்பாவின் தோள்மூட்டு நழுவியிருந்தது. மாமா அழுதுகொண்டே சிரித்தார். அப்பாவின் முகத்தில் ஒன்றுமே இல்லை.

கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்த நாட்களில்தான் அப்பா முதல்முறையாக அதைச் சொன்னார். அம்மாவிடம் சொன்னார். அவருக்குக் காது மந்தம் என்பதால் ரகசியமாகப் பேசத் தெரியாது. அதனால் எதிர்வீட்டு ரேடியோ ஓடும் நேரமாகப் பார்த்துச் சொன்னார்.

“வெட்டலாமா வேண்டாமான்னு பேசிட்டு இருந்தாங்கள்ல, எனக்கு எல்லாம் கேட்டுச்சு. வெளிய பேசறது எனக்கு எப்பவும் கேக்காது. அன்னைக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு. இனிமே என்னால உள்ள போக முடியாது.”

“அண்ணன்கிட்ட சொல்லுங்களேன்.”

“வேலையும் கொடுத்தாரு, உன்னையும் கொடுத்தாரு. அவர்கிட்ட போய் என்னன்னு சொல்றது?”

இருந்தாலும் கட்டு அவிழ்த்த பிறகு ஃபோர்மேனிடம் போய் வேறு பிரிவுக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டார். “உன் சைஸ்ல இன்னொருத்தனைக் கொண்டாந்து நிறுத்திட்டு நீ எங்க வேணா போ” என்றார் ஃபோர்மேன். விஷயம் மாமா காதுக்குப் போனது. அன்று சாயங்காலமே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோபப்படவில்லை. “என்ன மாப்ள, என்னைத் தனியா விட்டுட்டுப் போறியாமே? நீ தட்டற தட்டு எனக்குத் தெரியும். வேற எவன் தட்டினாலும் எனக்குக் கை ஓடாதுப்பா” என்றார். கண் கலங்கியிருந்தது. அப்பா மறுநாள் உள்ளே போனார்.

வழி கண்டுபிடித்தது அம்மாதான். சமைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று திரும்பி, “நீங்க குண்டாயிட்டா?” என்றாள்.

அப்பாவுக்குக் கேட்கவில்லை. அவள் கன்னத்தை ஊதி, இரண்டு கையாலும் பெரிய வயிறு இருப்பதுபோலக் காட்டினாள். அப்பா வெகுநேரம் அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு திருட்டு வேலை நடந்தது. எனக்கு ஒரு டம்ளர் பால் என்றால் அப்பாவுக்கு ஒரு சொம்பு. முட்டையில் வெண்ணெய், ரொட்டியில் வெண்ணெய், உருளைக்கிழங்கில் வெண்ணெய். வாழைப்பழத்தைச் சீப்பாக உள்ளே தள்ளுவார். சாப்பாடு இறங்காமல் விழி பிதுங்க உட்கார்ந்திருப்பார். அம்மா முதுகைத் தடவிக்கொண்டே, “இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய்” என்பாள். ஆனால் அவர் உடம்பு லேசில் பிடி கொடுக்கவில்லை. எத்தனை தின்றாலும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அதற்குள் நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டேன். முதலில் கன்னம் உப்பியது. பிறகு கழுத்து மறைந்தது. ஒரு வழியாக வயிறு வந்தது. வந்த வயிறு சும்மா இருக்கவில்லை, மாதத்துக்கு மாதம் முன்னேறியது. தொழிற்சாலையில் சுண்டெலியைப் பெருச்சாளி என்று பேர் மாற்றினார்கள். மாமாவும் வயிற்றில் தட்டி, “என்ன மாப்ள, தங்கச்சி நல்லா கவனிக்கிறா போல” என்பார். அப்பா பல்லைக் காட்டுவார். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

ஒரு நாள் ஓட்டையில் இடுப்போடு நின்றுவிட்டார். காலைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார்கள், போகவில்லை. இறக்கைப் பிரிவே சிரித்ததாம். ஆஸ்பத்திரியில் டாக்டர், “வயசானா வயிறு வரத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டார். அப்பாவை டூல் ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

டூல் ஸ்டோர் என்பது கம்பி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. துளைபோடும் மெஷினோ, ஸ்பேனரோ, யார் என்ன கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். அப்பா காலையில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தார். சாயங்காலம் முதுகில் வரி இல்லை. வாசலில் ஒரு மடக்கு நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். போகிறவர் வருகிறவரிடம் அவர் கத்த, அவர்கள் கத்த, சம்பந்தமே இல்லாமல் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு வருஷம் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கடிந்து பேசியதாக எனக்கு நினைவில்லை.

நான் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். இரண்டே அறை. ஒன்றில் அடுப்பு, பீரோ, அம்மா. இன்னொன்றில் அப்பா, கட்டில், வருகிறவர் போகிறவர். கதவைச் சாத்தினால் “ஏன் சாத்தற?” என்பார்கள். திறந்துவைத்தால் மாமா வீடு தெரியும். டைப் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றால், “இருக்கட்டும், பாக்கலாம்” என்பார் அப்பா. எங்காவது, எதற்காவது போய்விட மாட்டோமா என்று இருந்தது.

மாமாவுக்கோ வேலை ஓடவில்லை. இரண்டு மூன்று பேரை உள்ளே அனுப்பிப் பார்த்தார்கள். ஒருவன் பாதியில் மூச்சு முட்டி அலறினானாம். இன்னொருவன் டாலியைச் சாய்த்துப் பிடித்து ரிவிட்டையெல்லாம் கெடுத்தான். ஒரு நாள் அப்பா சாயங்கால ஷிஃப்ட்டில் இருந்தபோது மாமா வந்தார். வந்தவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் அச்சு. அதே குறுகிய தோள், அதே உயரம்.

“இப்ப பொண்ணுங்களையும் எடுக்கறாங்க” என்றார் அம்மாவிடம். “நம்ம பாப்பாவைச் சேத்து விட்டா என்ன? நான் பக்கத்துலயேதானே நிப்பேன்.”

“அவர் வரட்டும்ண்ணே” என்றாள் அம்மா.

“நான் போறேன் மாமா” என்றேன் நான்.

அப்பா வந்து கேள்விப்பட்டதும், “வேணாம்” என்றார்.

“ஏன் மாப்ள?” என்றார் மாமா.

“வேணாம்.”

“அதான் ஏன்னு கேக்கறேன். நீ போகலயா? நல்லாதானே இருந்த? வயிறு வரலன்னா இன்னும் போயிட்டுதானே இருப்ப?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். காரணத்தைச் சொன்னால் வயிற்றின் கதையையும் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே மாமாவை ஏமாற்றியதாக ஆகும். வேலைக்கும் ஆபத்து. அடுத்த வாரம் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

முதல் நாள் மாமா சொல்லிக்கொடுத்தபடி ஒரு கை, தலை, பிறகு மற்ற தோள் என்று நுழைந்தேன். உள்ளே கைவிளக்கின் வெளிச்சத்தில் சட்டங்கள் வரிசையாகப் போய் இருட்டில் முடிந்தன. ரிவிட் அடிக்கும் முன் இணைப்புகளில் பூசும் பசையின் வாடை மூக்கைத் துளைத்தது. துப்பாக்கி அடிக்க ஆரம்பித்ததும் பல்லெல்லாம் அதிர்ந்தது. ஆனால் அடி நின்ற நேரங்களில் ஓர் அமைதி வந்தது பாருங்கள், அப்படி ஒன்றை நான் அதுவரை அறிந்ததில்லை. என்னை யாரும் கூப்பிட முடியாது. யாரும் எட்டிப் பார்க்க முடியாது. “பாப்பா, இதை எடு, அதைக் கொண்டா” என்று கை நீட்ட முடியாது. என்னைத் தவிர வேறு யாரும் நுழைய முடியாத ஓர் இடம். நான் அங்கே வாய்விட்டுப் பாடியிருக்கிறேன். அழுதும் இருக்கிறேன், காரணமே இல்லாமல். சாயங்காலம் மற்றவர்களோடு சேர்ந்து கேட்டைத் தாண்டி நடக்கும்போது தலை நிமிர்ந்திருக்கும்.

டூல் ஸ்டோர் ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் இறக்கை நேராகத் தெரியும். காலையில் என் கால் இரண்டும் ஓட்டைக்குள் மறைவதைப் பார்க்க அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெளியே வரும்போதும் அங்கேயே நிற்பார். நடுவில் ஸ்பேனர் கேட்டு வந்தவர்கள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை என்று முதலில் நினைத்தார்கள். பிறகு, கேட்டாலும் அவர் அசைவதில்லை என்று தெரிந்துகொண்டார்கள்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். முதலில் ராத்திரிச் சாப்பாடு போனது. பிறகு பால், வெண்ணெய். அம்மா தட்டை வைத்தால் நகர்த்தி வைப்பார். அவருக்கு என் மேல் கோபம் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். பார்த்துப் பார்த்து வளர்த்த உடம்பு அவள் கண் எதிரே கரைந்துகொண்டிருந்தது. “என்னங்க, எதுக்கு இந்தப் பட்டினி?” என்று அவள் கத்தியது தெருவுக்கே கேட்டது. ஷிஃப்ட் முடிந்து நடந்தே வருவார். சட்டை தொளதொளவென்று ஆகி, பேன்ட்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டார். மழை முடிந்து வெயில் திரும்புவதற்குள் பழைய ஆளாகிவிட்டார். கழுத்துத் தோல் மட்டும் திரும்பி ஒட்டாமல் தொங்கியது.

ஒரு காலை, நான் ஓட்டைக்கு அடியில் உள்ளே நுழையத் தயாராக நின்றபோது அப்பா வந்தார். காதில் பஞ்சு இருந்தது. என்னைத் தாண்டிப் போய் ஃபோர்மேனிடம், “நான் போறேன் உள்ள. அவளை வெளிய விட்டுடுங்க” என்றார்.

“போக முடியுமா?”

அப்பா கையை உயர்த்தி ஓட்டைக்குள் விட்டார். தலை போனது, தோள் போனது, இடுப்பு போனது. கால் மறைந்தது. உள்ளேயிருந்து டாலியை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். மாமா, “வந்துட்டான்யா என் மாப்ள” என்று தகட்டின் மேல் கையை வைத்தார்.

ஃபோர்மேனுக்குச் சந்தோஷம். கைதேர்ந்த ஆள் திரும்பிவிட்டார். எனக்கு வெளியே ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்டேன். “உன்னை எடுத்ததே உள்ள போறதுக்குத்தான்மா” என்றார். அந்த வாரக் கடைசியோடு என்னை அனுப்பிவிட்டார்கள்.

அப்பா வீட்டுக்கு வருவதற்காகக் காத்திருந்தேன். வந்ததும் கத்தினேன். அவருக்குக் கேட்க வேண்டும் என்பதால் கத்தியதாகவும் வைத்துக்கொள்ளலாம்.

“உங்கள யாரு கேட்டா? நான் கேட்டனா? வெளிய விடுங்கன்னு நான் சொன்னனா?”

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். முதுகில் வரி திரும்பி வந்திருந்தது. “உனக்குத் தெரியாதும்மா” என்றார்.

“என்ன தெரியாது? எனக்கு அங்க பிடிச்சிருந்துச்சுப்பா. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்.”

அப்பா சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “பிடிக்கும்” என்றார். “எனக்கும் மொதல்ல பிடிச்சுதான் இருந்துச்சு. யாரும் நம்மள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நாமளும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல, அப்படித்தான் இருக்கும். அது எப்ப மாறுச்சுன்னு எனக்கே தெரியாது. மாறினதுக்கப்புறம் ஓட்டை அதே ஓட்டைதான். ஆனா வெளிய வர முடியல.”

நான் அவரை நம்பவில்லை. பல வருஷம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே வீட்டில் அது எவ்வளவு பெரிய வேலை என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எனக்கு வரன் பார்த்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் நான் ரொம்பக் குட்டையாகத் தெரிந்தேன். ஒரு கட்டத்தில் வருவது நின்றுபோனது. ஒரு தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டுக்கொண்டேன். அம்மா படுக்கையில் விழுந்தாள், பார்த்துக்கொண்டேன். அம்மா போனாள். அப்பா ஓய்வுபெறும்வரை உள்ளேதான் இருந்தார். கடைசி நாள் அவரை நடுவில் உட்காரவைத்து எடுத்த படத்தில், பின்னால் நின்று தோளைப் பிடித்திருப்பது மாமா.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது மாமாவே வீடு பார்த்தார். ஒரே கட்டடத்தில் இரண்டு போர்ஷன், எதிரும் புதிருமாகக் கதவு. வேறு எங்காவது போகலாம் என்று நான் சொன்னபோது அப்பா, “அவருக்கு யாரு இருக்கா?” என்றார். ஓய்வுக்குப் பிறகு அப்பாவும் நானும் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தோம். பெரிதாக ஒன்றுமில்லை, காய் என்ன விலை, மழை வருமா என்று. அவர் காது சுத்தமாகப் போய்விட்டதால் நான் சொல்வதில் பாதி போய்ச் சேர்ந்திருக்காது. அது எங்கள் இருவருக்குமே வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

போன மாதம் அப்பா இறந்தார். நுரையீரல். டாக்டர் இறக்கைக்குள் பூசும் அந்தப் பசையின் பெயரைச் சொல்லி, எத்தனை வருஷம் அதோடு வேலை செய்தார் என்று கேட்டார். நான் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

இரண்டு வாரம் கழித்துத் தொழிற்சாலை கேன்டீனில் ஒரு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். புதிதாக வந்த அதிகாரி ஒருவர், இன்றைக்கும் ஆகாயத்தில் பறக்கும் எத்தனையோ விமானங்களுக்குள் அப்பாவின் கைரேகை இருக்கிறது என்று பேசினார். மாமா எழுந்து பேச முயன்று, முடியாமல் உட்கார்ந்துவிட்டார். காலமெல்லாம் துப்பாக்கி பிடித்த கை இப்போது சும்மா இருக்கும்போதும் நடுங்குகிறது. விரல் நுனியில் உணர்ச்சியும் இல்லை.

ஆட்டோவில் திரும்பும்போது மாமாவுக்கு மனம் இளகியிருந்தது. அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். டிப்போ கதையைச் சொன்னார். மாட்டிக்கொண்ட நாளைச் சொன்னார். பிறகு சிரித்தபடி, “உங்கப்பன் வேணும்னேதான் பெருத்தான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டு இருந்தான் கடைசி வரைக்கும்” என்றார்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“எதிர்வீட்ல இருக்கேன், தெரியாதா? ஒரு மனுஷன் அழுதுகிட்டே வாழைப்பழம் தின்னா எதுக்குன்னு யோசிக்க மாட்டமா?”

“தெரிஞ்சும் என்னை எதுக்கு உள்ள அனுப்பினீங்க?”

மறைக்கிற எண்ணம் மாமாவின் முகத்தில் இல்லை. ஏதோ வேலை நுணுக்கத்தைச் சொல்கிறவர் மாதிரி, “உன்னை அனுப்பினா அவன் தானா வந்துடுவான்னு தெரியும்மா. வந்தானே” என்றார். பிறகு, “அவன் இல்லாம என்னால அடிக்க முடியல. நான் என்ன பண்ணட்டும்?” என்றார்.

ஆட்டோ சிக்னலில் நின்றது. இறங்கிப் போய்விடலாம் என்று தோன்றியது. எங்கே போவது என்று தோன்றவில்லை. வீடு வந்ததும் அவர் கையைப் பிடித்துப் படியேற்றினேன். அவர் கதவைத் திறந்துகொடுத்துவிட்டு என் கதவைத் திறந்து உள்ளே போனேன். விளக்குப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் இருமுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். மாமா ரொம்ப நேரம் கழித்துத் திறந்தார்.

“வருவியோ மாட்டியோன்னு இருந்தேன்” என்றார்.

தட்டை வைத்தேன். அவர் ஸ்பூனை எடுத்தார், அது கை நடுக்கத்தில் தட்டின் விளிம்பில் மோதிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் கழுவிக்கொண்டு வந்து, அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “வாயத் தெறங்க” என்றேன். திறந்தார்.